எரிகல் தபால்

வானத்திலிருந்து கல் விழுகிறது என்றால் எல்லாரும் பாறாங்கல்லைத்தான் நினைக்கிறார்கள். நான் சொல்லும் கல் கடுகில் பாதிகூட இருக்காது. பூமி போகிற வழியில் குறுக்கே வந்து மாட்டிக்கொண்டு, நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் உரசி எரிந்துபோகும். அது எரிந்த தடத்தில் காற்று ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மின்னேறிக் கிடக்கும். அந்தத் தடத்தில் நம் ரேடியோ அலை பட்டால், கண்ணாடியில் பட்ட வெயில் மாதிரி திரும்பி, கடலைத் தாண்டிப்போய் அந்தப் பக்கம் விழும். தடம் கலைவதற்குள் ஒரு வரியை அனுப்பி முடித்துவிட வேண்டும். போர்ட் பிளேரின் மொத்தத் தபாலும் அந்த நாட்களில் இப்படித்தான் போய்வந்தது. ஊருக்கு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். என் வாயில் வருவது பழைய பெயர்தான்.

நான் அமலி மச்சாடோ. அபர்தீன் பஜாரில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். பூர்வீகம் தூத்துக்குடி. அமெச்சூர் ரேடியோ எனக்குப் பொழுதுபோக்கு. பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, கடைக்கு மேலே மொட்டைமாடியில் ஏரியல் நட்டு, அதைக் கம்ப்யூட்டரோடு கோத்து, முகம் தெரியாதவர்களோடு எழுத்தில் பேசிக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தார் அந்த ஏரியலைத் துணி காயப்போடும் சமாச்சாரம் என்றே நம்பினார்கள். என் வீட்டுக்காரர் இரண்டொரு தடவை அதில் லுங்கியைக் காயப்போட்டும் இருக்கிறார்.

பிறகு சூரியப் புயல் வந்தது. ஒரு சாயங்காலம் கடலுக்கு மேல் வானம் திரைச்சீலை தொங்கவிட்டதுபோலச் சிவப்பாக ஆடியது. துருவ தேசங்களில் மட்டும் தெரியும் ஒளி, அந்தமானில் தெரிந்தது. சனம் மொத்தமும் கடற்கரைக்கு ஓடிப்போய்ப் போட்டோ எடுத்தது. எடுத்த போட்டோவை யாருக்கும் அனுப்ப முடியவில்லை. செயற்கைக்கோள்கள் செத்துவிட்டன. கடலடிக் கேபிள் கருகிவிட்டது. கரையில் மின்சாரம் இல்லாததால் கப்பலுக்கு எண்ணெய் ஏற்ற வழியில்லை, விமானமும் தரையைவிட்டுக் கிளம்பவில்லை. ரேடியோ அலைகளை வழக்கமாகத் திருப்பி அனுப்பும் மேல்வானம் கொந்தளித்துக் கிடந்தது. சோலார் பேட்டரியோடு தப்பிப் பிழைத்தவர்கள் என்னைப்போலச் சில அமெச்சூர் பைத்தியங்கள்தான். எங்களுக்கு மிச்சமிருந்த தபால்காரர்கள் அந்தக் கடுகுக் கற்கள்.

முதல் வாரம் ஒரே கூச்சல். வங்கக் கடலைச் சுற்றி இருந்த எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் கத்தியதில் யாருடைய வரியும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அப்புறம் ஒரு கட்டுப்பாட்டுக்கு வந்தோம். பகுதிக்கு ஒரு நிலையம் மட்டும் பேசும். தமிழ்க் கரைக்குச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து திருவேங்கடம் சார், தீவுக்கு நான். மற்ற நிலையங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தவிர வாய் திறக்காது. தன் பெயருக்கு வராத செய்தி காதில் விழுந்தால் அழித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அடுத்தவர் பேச்சில் குறுக்கிடாமல் இருப்பது எங்கள் கூட்டத்துக்கு ஏற்கெனவே ரத்தத்தில் ஊறிய மரியாதை. அதனால் அந்த விதியை ஒருவர்கூட மீறியதாக எனக்குத் தெரியாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எரிகற்கள் விடியற்காலையில்தான் அதிகம் விழும். அந்த நேரத்தில் நாம் இருக்கும் பக்கம் பூமியின் நெற்றிபோல முன்னே நீட்டிக்கொண்டு போகிறது. ஒரு விடியலுக்கு ஐம்பது, அறுபது வரி போனால் பெரிய விஷயம். ஆகவே ஆளுக்கு ஒரு வரி, நாற்பது எழுத்து, வந்த வரிசைப்படி. ரகசியக் குறியீடு அமெச்சூர் ரேடியோவில் கூடாது, எல்லாம் வெட்டவெளிச்சம். முதலில் கூசியவர்கள் பிறகு பழகிவிட்டார்கள். ‘அப்பா, என் கோபம் போச்சு. உங்களுக்கு?’ என்று ஒரு தாசில்தார் அனுப்பினார். இத்தனை வருஷம் போன் இருந்தபோது அவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

வரிசையில் வேதமூர்த்திக்கு முறை வர ஐந்து வாரம் ஆயிற்று. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். அவன் பெண்டாட்டி மங்கையர்க்கரசி பிரசவத்துக்காக வேதாரண்யத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். செயற்கைக்கோள் இல்லாததால் எச்சரிக்கை சொல்ல ஆளில்லாமல், அந்தக் கரையில் ஒரு புயல் ஏறியது. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. சென்னையைக் கேட்டால், ‘அந்தப் பக்கம் செய்தி இல்லை’ என்று ஒரே பதில். அங்கே ரேடியோ வைத்திருக்கிற ஆள் உண்டா என்றே எங்களுக்குத் தெரியாது. வேதமூர்த்தி தினமும் கடைக்கு வந்து தன் நாற்பது எழுத்தைத் திருத்திக்கொண்டே இருந்தான். அவன் முறைக்கு முந்தின நாள் சாயங்காலமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

அப்போது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டர் நஸ்ரின் படியேறி வந்தார். பின்னால் கையில் குழந்தையோடு ஒரு பெண். வடக்கு அந்தமானில் திக்லிபூர் பக்கத்து வங்காளிப் பெண், பெயர் ஷெஃபாலி.

“அமலிக்கா, ஒரு படம் அனுப்பணும்” என்றார் டாக்டர்.

“ஒரு வரி போகவே நான் வானத்தப் பாத்து வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கேன். படமா? என்ன படம் டாக்டர்?”

“இவ இதயம்.” குழந்தையின் போர்வையை விலக்கிக் காட்டினார். மூன்று மாதக் குழந்தை, தியா. ஓடி வந்தவர் இளைப்பதுபோல அதன் விலா ஏறி இறங்கியது. “வயித்துல இருக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் இதயத்துக்கு வெளியே ஒரு சின்னக் குழாய் இருக்கும். பொறந்ததும் தானா மூடிக்கும். இவளுக்கு மூடலை. ரத்தம் நுரையீரலுக்குள்ள பாயுது. அதைக் கட்டிட்டா சரியாயிடும். பெரிய மெஷின் எதுவும் வேணாம், எங்க சர்ஜனே கட்டிடுவார்.”

“அப்ப கட்டுங்களேன்.”

“சில பிள்ளைங்களுக்கு வேற இடத்துல அடைப்பு இருக்கும். அவங்களுக்கு அந்தக் குழாய் வழியாத்தான் உயிரே ஓடும். அதைக் கட்டினோம்னா மேஜையிலயே போயிடும். இவ எந்த ரகம்னு என் கண்ணுக்குப் பிடிபடலை. ஸ்கேன் கையில இருக்கு. அதைப் படிக்கத் தெரிஞ்சவர் சென்னையில இருக்கார், உங்க திருவேங்கடம் சார் ரேடியோ வெச்சிருக்கிற அதே ஆஸ்பத்திரியில.”

“எத்தன நாளு தாங்கும்?”

டாக்டர் தமிழிலேயே பதில் சொன்னார், ஷெஃபாலிக்குத் தமிழ் தெரியாது என்பதால். “மூணு நாள். அதுக்கு மேல சொல்ல முடியாது.” ஷெஃபாலி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

படத்தை எவ்வளவு சுருக்கியும் முந்நூறு துண்டுக்குக் கீழே வரவில்லை. ஒரு துண்டு ஒரு வரி. எல்லாருடைய வரிகளையும் நிறுத்திவைத்தாலும் ஐந்து விடியல் வேண்டும்; கல் நிறைய விழுந்தால் முந்தலாம் என்று நம்பி நாளைக்கே தொடங்க வேண்டியதுதான். அவசரச் செய்தி என்றால் மற்றவர்கள் ஒதுங்கவேண்டும் என்பது எங்கள் மரபுதான். ஆனால் மரபு எனக்கு. ஐந்து வாரம் காத்திருந்தவனுக்கு யார் சொல்வது? நானே சொன்னேன்.

வேதமூர்த்தி எகிறினான். “என்னாக்கா வெளையாடுறீங்களா? எம்பொண்டாட்டி இருக்காளா இல்லியான்னு எனக்குத் தெரியாது. புள்ள பொறந்துச்சான்னு தெரியாது. யாரோ ஒருத்தவங்க புள்ளைக்கு எந்தலையிலதான் கைய வெப்பீங்களா?”

“உன் தலையில மட்டுமில்ல, நாளைக்கு அறுவது பேரு தலையிலயும் வைக்கேன்.”

“மத்தவங்க வரிசையில நாளைக்கு நிப்பாங்க. எனக்கு முடியலக்கா. ராத்திரி கண்ண மூடுனா தண்ணிதான் தெரியுது.”

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவன் குரல் உயர்ந்ததில் குழந்தை விழித்து அழப் பார்த்தது. அழுவதற்கு மூச்சு போதவில்லை. வாய் மட்டும் கோணிக்கொண்டு சத்தமே வராமல் நின்றது. வேதமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஒரு நாளு” என்றான் சுவரைப் பார்த்து. “நாளன்னிக்கு மொத வரி என்னோடது.”

மறுநாள் விடியலில் நான் சென்னையைக் கூப்பிட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தேன். முந்நூறையும் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டே, சென்னையிலிருந்து ‘கிடைத்தது’ என்று வந்த துண்டை மட்டும் அடுத்த சுற்றில் நீக்கினேன். வெளியே பறவைகள் கத்த ஆரம்பித்து வெயில் ஏறியபோது கணக்குப் பார்த்தால் நாற்பதுதான் தேறியிருந்தது. போய்ச் சேர்ந்த துண்டுகளை மட்டும் காட்டும் திரையில் குழந்தையின் இதயம் செல்லரித்த காகிதம்போலக் கிடந்தது. இந்த வேகத்தில் இன்னும் ஒரு வாரம் ஆகும். நான் உடைந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். வேதமூர்த்தி ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து என் ரேடியோவில் ஒரு வரி விழுந்தது. விசாகப்பட்டினம் கொழும்புக்கு அனுப்பியது, எனக்கில்லை. தினமும் இப்படி ஐந்தாறு விழும். தடம் எந்தக் கோணத்தில் எரிகிறதோ அந்தக் கோணத்தில் இருக்கும் ஊரில் செய்தி விழும், பெயர் பார்த்து விழாது. பழக்கத்தில் என் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது.

நான் சென்னைக்கு விட்ட துண்டுகளில் சென்னையில் விழாதவையெல்லாம் எங்கே போயின? கடலிலா விழும்? எங்கெங்கோ மொட்டைமாடிகளில் விழுந்திருக்கும். அங்கெல்லாம் என்னைப்போல ஒருவர் உட்கார்ந்து, தன் பெயருக்கு வரவில்லை என்று பார்த்து, மரியாதையாக அழித்திருப்பார். முந்நூறு துண்டையும் இந்த நேரத்துக்குள் யார் யாரோ கையில் பிடித்து, நல்ல பிள்ளையாகக் கீழே போட்டிருக்கிறார்கள்.

“அறிவு கெட்ட கூட்டம்!” என்று என்னையும் சேர்த்துத்தான் கத்தினேன்.

“யாருக்கா?” என்றான் வேதமூர்த்தி.

“நாங்கதான். ஒழுங்கா இருந்தே ஒரு பிள்ளையக் கொல்லப் பாத்தோம்.”

அன்று பகல் முழுக்க விழுந்த சொற்பத் தடங்களில் ஒரே செய்தியை வரி வரியாகப் பிரித்துத் திரும்பத் திரும்ப விட்டேன். எந்த ஊர்ப் பெயரும் போடாமல், எல்லாரையும் பொதுவாக அழைத்து. ‘அவசரம். குழந்தையின் இதயப் படம். நாளை விடியல். யாருக்கு விழுந்தாலும் வையுங்கள். வாய் திறந்து சொல்லுங்கள். ஊர் ஊராகக் கைமாற்றிச் சென்னைக்குத் தாருங்கள்.’ அது யாருக்குப் போனது, போகவில்லை என்று தெரியாது. பதிலே இல்லை. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

இரண்டாம் விடியலில் ஷெஃபாலி ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருந்தாள். டாக்டரும், தனக்குச் சொன்ன முதல் வரியைக் கேட்காமல் வேதமூர்த்தியும் என் பக்கத்தில். முதல் துண்டை விட்டேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. ரேடியோவை உற்றுக் கேட்டேன், அப்போதுதான் வித்தியாசம் புரிந்தது. வழக்கமாக விடியலில் தூரத்து நிலையங்களின் முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று அது இல்லை. வங்கக் கடலைச் சுற்றி ஒருத்தரும் தன் சொந்தப் பேச்சைப் பேசவில்லை. அத்தனை கரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் குழந்தைக்காக வழி விட்டிருந்தது. வேளாங்கண்ணி மாதாவை வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

பிறகு வர ஆரம்பித்தன.

‘துண்டு 7. காக்கிநாடா.’

‘துண்டு 31. திரிகோணமலை.’

‘துண்டு 12, 58. சிட்வே.’ அது பர்மாக் கரை.

காக்ஸ் பஜார், பாராதீப், காரைக்கால். பெயரே கேள்விப்படாத ஊர்கள். எந்தப் பாஷைக்காரர் என்று தெரியாத கைகள். நாங்கள் கண்ணால் பார்க்கவே முடியாத உயரத்தில் தூசிகள் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தூசியும் அந்தச் சின்ன இதயத்தில் ஒரு துணுக்கைக் கொண்டுபோய் ஏதோ ஒரு மொட்டைமாடியில் போட்டுவிட்டுச் செத்தது. அங்கே ஒருவர் அதை எடுத்துத் துடைத்துப் பக்கத்து ஊருக்குக் கொடுத்தார்; பக்கத்து ஊருக்குப் பேச எரிகல் வேண்டாம், ரேடியோ நேராகவே எட்டும். திரையில் ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. டாக்டர் நஸ்ரின் அழுதுகொண்டே எண்களைச் சொல்லிவந்தார்.

‘துண்டு 118. வேதாரண்யம்.’

வேதமூர்த்தி என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும். “அக்கா. எங்க ஊரு.”

“பாத்தேன்.”

“ஊரு இருக்குக்கா! ஆளு இருக்காங்க! ஒரு வரி. ஒரே வரி, அவ இருக்காளான்னு மட்டும் கேளுங்க. இப்பவே வந்த வழியிலயே போவும்ல?”

போகும்தான். கேட்டால் பதிலும் வரலாம். அதற்கு ஒரு தடம், பதிலுக்கு ஒரு தடம், வராவிட்டால் மறுபடி ஒன்று. கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் கற்கள் குறைந்துவிடும். இன்னும் நூறு துண்டுக்கு மேல் பாக்கி. நான் நாற்காலியைத் தள்ளி அவனுக்கு விசைப்பலகையைக் காட்டினேன். எனக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் வரவில்லை.

“நீயே சொல்லு தம்பி. எந்தத் துண்ட நிறுத்தட்டும்?”

அவன் திரையைப் பார்த்தான். இதயத்தின் கீழ்ப்பாதி இன்னும் கறுப்பாக இருந்தது. கையை நீட்டினான். விரல்கள் பலகைக்கு மேலே அப்படியே நின்றன. பிறகு கையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நிறுத்தாதீங்க” என்றான். “வுடுங்க, வுடுங்க.”

எனக்குப் பிள்ளைகள் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவனைப் பெற்றிருந்தால் என்ன என்று தோன்றியது.

கடைசித் துண்டு பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தது. பகலிலும் கற்கள் விழுகின்றன, நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு ஊரும் தன் கையிலிருந்ததை ஊர் ஊராகக் கைமாற்றிச் சென்னைக்குக் கொடுக்க, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் திருவேங்கடத்தின் வரி வந்தது. ‘குழாயைக் கட்டுங்கள். வேறு அடைப்பு இல்லை.’ டாக்டர் நஸ்ரின் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தியாவின் விலா சாதாரணமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டு வலித்ததோ என்னவோ, திடீரென்று வீறிட்டு அழுதாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படியான அழுகை. ஷெஃபாலி சிரித்தாள், நானும் சிரித்தேன். அழும் பிள்ளையைப் பார்த்து இரண்டு பொம்பளைகள் சிரிப்பதை நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் விடியல் வேதமூர்த்தியுடையது. குளித்து, சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்திருந்தான். கையில் நாற்பது எழுத்து. நான் ரேடியோவைத் திருகி, வேதாரண்யத்தை முதல்தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்ட மறுதடத்திலேயே பதில் விழுந்தது. அந்தப் பக்கத்து ஆள் இதற்காகவே காத்திருந்ததுபோல வரி வரியாக அனுப்பினார்.

‘முதல் நாள் முதல் உங்களைக் கேட்கிறோம்.’

‘கூப்பிடாததால் பேசவில்லை. விதி.’

‘தீவு வரிகளைத் தினம் பஸ் ஸ்டாண்டில் படிப்போம்.’

‘மங்கை என்ற பெண் தினம் வருகிறாள்.’

அடுத்த தடம் வர நேரமாயிற்று. அவள் இருக்கிறாள் என்பதை வேதமூர்த்தி உள்வாங்குவதற்குள் அது வந்தது.

‘எல்லார் வரியும் வந்தது. வேதமூர்த்தி வரி இல்லை.’

‘அவர் உயிரோடு இருக்கிறாரா?’

ஐந்து வாரம் இவன் இங்கே அவளுக்காகச் செத்துக்கொண்டிருந்தான். அவள் அங்கே கைக்குழந்தையோ வயிற்றுப் பிள்ளையோ சுமந்துகொண்டு, தாசில்தாரின் கோபம்வரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் புருஷன் பெயர் மட்டும் வராமல் தினமும் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். கடைசி இரண்டு நாள் அவன் தானாக விட்டுக்கொடுத்தவை. நான் அவன் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

அவன் எழுதிவைத்திருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். கிரீஸ் ஏறிய ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினான்.

‘இருக்கேன் மங்கை.’

நாற்பதில் பாதிகூட இல்லை. பொத்தானை அழுத்தினேன். வானம் சும்மா இருந்தது. இருவரும் ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும். எங்கோ ஒரு கடுகுத் துணுக்கு, எத்தனை கோடி வருஷமாக இருட்டில் அலைந்ததோ, இந்தப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டும்.

‘கிடைத்தது’ என்று விழுந்தது.

அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அந்த ஆள் எழுந்து ஓடிப்போய் யாரையோ கூட்டிவருகிறார் என்று நினைத்துக்கொண்டோம். வெயில் ஜன்னலுக்குள் வந்துவிட்டது. வரிசையில் அடுத்தவர்கள் படியில் நின்றார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

‘பொண்ணு. மூக்கு உங்க மூக்கு.’

வேதமூர்த்தி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.